கடையில் விற்பது மருந்து, காட்டில் காத்திருப்பது வண்டுக்கு

போன வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வலசையூர்ப் பக்கம் எங்கள் காட்டுக்கு மழை பெரும்பாலும் மலையிலிருந்துதான் இறங்கி வரும். குப்பனூருக்கு மேலே கருக்கல் கட்டினால் அரை மணி நேரத்தில் இங்கே கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்பும் முன் செருப்பெல்லாம் சேறு அப்ப கிணற்றுமேடு வரைக்கும் ஒரு நடை போனேன். கிழங்குக்காட்டைப் பார்க்க இல்லை. கிணற்றை ஒட்டி அரை ஏக்கர் தரிசு கிடக்கிறது. அது முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம். அதைப் பார்க்கத்தான்.

குத்தவைத்து உட்கார்ந்து செடி செடியாக இலையைப் புரட்டினேன். ஆறாவது செடியில் அந்த வண்டு இருந்தது. பச்சைப்பயறைவிடக் கொஞ்சம் பெரிசு. பால்வெள்ளை முதுகில் காப்பிக்கொட்டை நிறத்தில் நெளிநெளியாகக் கோடு, சின்னப் பிள்ளை மருதாணிக் குச்சியால் இழுத்த மாதிரி. விரல் பட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்தது போலக் கீழே விழுந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அது மறுபடி காலை நீட்டித் தண்டில் ஏறும் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கடைக்கு அரை மணி தாமதம்.

நான் வேலை செய்வது சேலத்தில் ஒரு உரம், பூச்சிமருந்துக் கடையில். 19 வருடமாக. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மூக்கில் ஏறும் அந்த வாடை எனக்கு இப்போது தெரிவதே இல்லை, வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். இப்படிப்பட்டவன் ஒரு பூச்சி வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் ஆரம்பம் அப்பாவின் கழுத்து. 2009 வாக்கில் அவருக்கு இமை தடித்து, கழுத்தும் முழங்கை மடிப்பும் கறுத்து, தோல் யானைத்தோல் மாதிரி வரிவரியாக ஆனது. ராத்திரியெல்லாம் சொறிவார். சட்டைக்குள் இருக்கும் முதுகு மட்டும் சுத்தமாக இருக்கும். டாக்டர் அதைப் பார்த்த உடனே கேட்டார்: "காட்டுல பார்த்தீனியம் இருக்குங்களா?" இருக்கிறதா? நாங்கள் அதைக் கையால் பிடுங்கித்தான் வரப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். தொட வேண்டும் என்றுகூட இல்லை, காற்றில் வரும் அதன் தூசியே போதும் என்றார். அன்றிலிருந்து அப்பா அந்தப் பக்கம் போவதில்லை. நான் மருந்து தெளிக்கும் டேங்க்கைக் கையில் எடுத்தேன்.

எங்கள் பக்கம் இதை விஷச்செடி என்பார்கள், காங்கிரஸ் செடி என்பார்கள். பூ வெள்ளைத் தொப்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு கட்சி. காங்கிரஸ் ஆட்சியில் அமெரிக்கக் கோதுமையோடு வந்ததால் என்று இன்னொரு கட்சி. பூனாவில் 1955ல் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைக்கு அயோத்தியாபட்டணம் ரோட்டோரத்தில் பத்தடிக்கு ஒன்று நிற்கிறது. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரே செடி பத்தாயிரக்கணக்கில் விதை போடும். ஈரம் இருந்தால் போதும், அதற்கு ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

களைக்கொல்லி மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் பிழைப்பு. பார்த்தீனியத்துக்கு டூ ஃபோர் டி சோடியம் உப்பு லிட்டருக்கு 8 கிராம், இல்லையென்றால் கிளைபோசேட் லிட்டருக்கு 10 மில்லி, கூட 20 கிராம் அமோனியம் சல்பேட், ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். எதுவானாலும் பூ எடுப்பதற்கு முன்னால். இதை நான் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். ஆயிரத்தில் தொள்ளாயிரம் பேர் பூத்துக் குலுங்கிய பிறகுதான் கடைக்கு வருவார்கள். அப்போது அடித்தால் செடி காயும், விதை கீழே கொட்டும், அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாக வரும். "மருந்து டூப்ளிகேட்டுங்க" என்று அதே ஆள் காலி பாட்டிலோடு வந்து நிற்பார்.

டூப்ளிகேட் என்று சொல்லி வருபவர்களில் பாதிப் பேரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: எந்தத் தண்ணியில் கலக்கினீங்க? மழை முடிந்த கையோடு குட்டையில் மொண்டிருப்பார்கள், டீ நிறத்தில். கிளைபோசேட்டுக்கு மண் என்றால் அவ்வளவு பாசம். களிமண் துகளைப் பார்த்ததும் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இலைக்குள் போகவே போகாது. மண்ணில் விழுந்ததும் அடங்கிவிடுகிறது என்று அதைப் புகழ்வதும் இதே குணத்துக்காகத்தான். டேங்க்குக்குள்ளேயே அடங்கிவிட்டால் நஷ்டம் நமக்கு. போர்த்தண்ணி உப்பாக இருந்தாலும் வேகம் குறையும். அமோனியம் சல்பேட் போடச் சொல்வது அதற்குத்தான். 2022 அக்டோபரில், பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் வைத்திருப்பவர்கள் மூலமாகத்தான் கிளைபோசேட் அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த வாரம் முழுக்கக் கடையில் அரசியல் பேச்சுத்தான்.

இத்தனையும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2014, வைகாசி. தரிசில் டூ ஃபோர் டி அடித்துவிட்டு டேங்க்கை ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிக் கொட்டகையில் தொங்கவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் காட்டுச் சித்தப்பா வந்து, "டேய், உன் டேங்க்கைக் குடு, தக்காளிக்கு வேப்பெண்ணெய் அடிக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் வாய் திறக்கவில்லை. அலசியாயிற்றே என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் சித்தப்பா காட்டுக்குக் கூப்பிட்டார். பேசாமல் ஒரு செடியைக் காட்டினார். நுனி இலையெல்லாம் சுருண்டு, ஒடுங்கி, சீரகக் கீரை மாதிரி இழையிழையாக. நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஓடியது. தண்டு கொடுக்காப்புளி போல முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து வளைந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் அது எந்த நோயும் இல்லை என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். டூ ஃபோர் டி செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனைப் போலவே வேஷம் போட்டு உள்ளே போகும். தாறுமாறாக வளரவைத்தே கொல்லும். புல்லை, சோளத்தை அவ்வளவாகத் தொடாது. அகன்ற இலைக்காரர்களைப் பிடித்துக்கொள்ளும். அதிலும் தக்காளிக்கும் பருத்திக்கும் ஒரு டேங்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சமே போதும்.

"வைரஸா கண்ணு?" என்றார் சித்தப்பா.

ஒரு நிமிஷம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. டேங்க் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். வாழப்பாடி மார்க்கெட்டில் தக்காளி நல்ல விலை போன வருடம் அது. 22 சென்ட் போய்விட்டது. பணத்தைக் கொடுத்தபோது பாதிதான் வாங்கிக்கொண்டார். சித்தி மட்டும் இன்றைக்கும் என் வீட்டில் எதையும் இரவல் கேட்பதில்லை. இப்போது என்னிடம் இரண்டு டேங்க். களைக்கொல்லிக்கு உள்ளதில் சிவப்புப் பெயின்ட்டால் "களை" என்று எழுதியிருக்கிறேன். அதையும் ஒவ்வொரு தடவையும் சலவைச் சோடா கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, நாசிலைக் கழற்றிக் கழுவித்தான் வைப்பேன். அப்படிக் கழுவினாலும் அதில் வேறு மருந்து கலக்க மாட்டேன்.

வண்டை நான் கவனிக்க ஆரம்பித்ததும் அதே வருடம்தான். தக்காளி சம்பவத்துக்குப் பிறகு தரிசில் மருந்து அடிக்கக் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆவணியில் பார்த்தால் செடியெல்லாம் ஓட்டை ஓட்டையாக, பிறகு வெறும் குச்சியாக. இலைக்கு அடியில் சின்னச் சின்ன மஞ்சள் முட்டை. கொழுகொழுவென்று மஞ்சள் புழு நுனிக் குருத்துக்குள் தலையைவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. நுனி போனால் பூ ஏது?

விசாரித்ததில் கதை கிடைத்தது. சைகோகிராம்மா என்று பெயர், சொந்த ஊர் மெக்சிகோ. பார்த்தீனியத்துக்கும் அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு. 1983ல் அங்கிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து, நம் பயிர் பச்சைகளையெல்லாம் முன்னால் வைத்துத் தின்கிறதா என்று சோதித்துவிட்டு 1984ல் வெளியே விட்டிருக்கிறார்கள். சில வருடம் கழித்துக் கர்நாடகாவில் சூரியகாந்தி இலையைத் தின்கிறது என்று பெரிய கூச்சல். போய்ப் பார்த்தால், பக்கத்தில் நின்ற பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருக்கிறது. அந்த வாசத்தில்தான் வண்டு ஏமாந்து கடித்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். குழம்பு வாசத்தில் வாழையிலையைக் கடித்த கதை. ஆனால் பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொண்டுவந்து விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது. மருந்தையாவது கடையில் நிறுத்திவிடலாம்.

வண்டிடம் உள்ள தொல்லை, அதற்கு நம் அவசரம் தெரியாது. வெயில் ஏறி மண் காய்ந்ததும் உள்ளே புதைந்துகொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நல்ல மழை பெய்து மண் குளிர்ந்தால்தான் மேலே வரும். அதற்குள் முதல் தூறலுக்கு முளைத்த செடி அதைவிட ஒரு கை முந்திவிடும். முட்டையிட்டு, புழுவாகி, மண்ணுக்குள் கூண்டு கட்டி, அடுத்த தலைமுறை வர ஒரு மாதம். அந்த ஒரு மாதம் பொறுக்காமல்தான் 2017ல் இன்னொரு தப்பு பண்ணினேன். பூ எட்டிப்பார்க்கிறதே என்று தரிசு முழுக்கக் கிளைபோசேட்டை அடித்துவிட்டேன். பத்து நாளில் எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த நாள் போய் இலையைப் புரட்டினால் காய்ந்த இலையில் முட்டை, காய்ந்த குருத்தில் சுருண்ட புழு. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் ஐப்பசி வரைக்கும் தேடியும் மொத்தமே நாலு வண்டு. செடி மட்டும் குறைவில்லாமல் வந்தது.

இதையெல்லாம் அப்பாயியிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அதற்குத் தொண்ணூறுக்கு மேல். "இதென்ன அதிசயம், கள்ளிக்குப் பூச்சி விட்ட கதையெல்லாம் எங்கய்யன் சொல்லும்" என்றது. அப்பாயியின் அப்பா காலத்தில் எங்கள் மேட்டாங்காட்டில் பாதி சப்பாத்திக்கள்ளியாம். மாடு நுழையாது, ஆள் நுழைய முடியாது, பாம்பும் நரியும்தான். பிறகு வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சி வந்து அப்பி, கள்ளி மட்டை மட்டையாக அழுகி விழுந்துவிட்டதாம். அந்தப் பஞ்சை நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. பிள்ளைகள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு விளையாடுமாம்.

கிழவி கதை விடுகிறது என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அத்தனையும் நிஜம். அது சாயப்பூச்சி. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிவப்புச் சாயத்தின் மேல் ஆசை. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் அதற்காக மெட்ராஸில் கள்ளித்தோட்டமே போட்டிருந்தார். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை. சாயம் தேறவில்லை, ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளியை மட்டும் தொடவில்லை. 1926ல் இலங்கையிலிருந்து அதற்கென்று இன்னொரு இனம் வந்த பிறகுதான் தெற்கே கள்ளிக்காடுகள் சரிந்தன. சாயத்துக்கு வந்த பூச்சி களைக்கு உதவிய மாதிரி, வேலிக்கு வைத்த கள்ளி காட்டைப் பிடித்த மாதிரி, யார் எதற்கு வந்தார்கள் என்பது கடைசியில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. எங்கள் வேலியோரத்தில் இன்னும் இரண்டு கள்ளி நிற்கிறது. போன மாதம் அதில் வெள்ளைப் பஞ்சு இருந்தது. நசுக்கிப் பார்த்தேன். நகக்கண்ணில் இரண்டு நாள் சிவப்புப் போகவில்லை.

எல்லாப் பூச்சியும் இப்படி ஜெயிப்பதில்லை. மாமா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறார். அங்கே உபத்திரவம் உண்ணிச்செடி. போனபோது ஒரு புதரைக் காட்டினார், இலையெல்லாம் சாம்பல் பூசினது போல் வெளுத்திருந்தது. அடியில் கண்ணாடிச் சல்லடை மாதிரி சிறகு வைத்த குட்டிப் பூச்சி. 1941ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு வந்தது. தேக்குப் பூவையும் தின்னுமோ என்று பயந்து வெளியே விட வேண்டாமென்று முடிவு செய்தார்கள், அதற்குள் தப்பித்துவிட்டது. இப்போது நாடு முழுக்க இருக்கிறது. உண்ணிச்செடியும் நாடு முழுக்க இருக்கிறது. "கோடையில மொட்டையாக்கும் மாப்ளே, ஒரு மழை பேஞ்சா மறுபடி துளிர்க்கும். ஊதினா அணையற நெருப்பா அது?" என்றார் மாமா.

மருந்து அடிக்கவும் அவருக்குப் பயம். சரிவில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் காப்பிச் செடியின் கொழுந்தில் கிளைபோசேட் சாரல் பட்டால் அடுத்து வரும் இலை அரளி இலை மாதிரி ஒடுங்கிப்போகும். பெருமழைக்கு முன் சரிவை மொட்டையடித்தால் செம்மண் ஓடையில் இறங்கிவிடும். அதனால் அங்கே கடப்பாரைதான். தண்டை வெட்டினால் பத்துக் கிளை வரும். கழுத்துக்குக் கீழே வேரில் கொத்தி, புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டி வைத்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை புதர் என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

கிழங்குக்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மாவுப்பூச்சி வந்து மரவள்ளி நுனியெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாகிப்போன அந்த வருடங்களை யார் மறப்பார்கள்? கடையில் வாரத்துக்கு இரண்டு லோடு மருந்து போனது. 2022ல் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து வந்த ஒரு கொசு அளவுக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட ஆரம்பித்தார்கள். என் காட்டில் அடுத்த வருடம் நான் மாவுப்பூச்சிக்கு ஒரு டேங்க்கூட அடிக்கவில்லை. இதைக் கடையில் வைத்துச் சொல்வதில்லை.

இப்போது என் ஏற்பாடு இதுதான். வாய்க்கால் ஓரம், வண்டிப்பாதை, வீட்டுக்கு முன்பக்கம், அதாவது அப்பா நடமாடும் இடம், அங்கெல்லாம் பொறுமை கிடையாது. மழை விழுந்த மூன்றாம் வாரம், செடி சாண் உயரத்தில் இருக்கும்போதே, காற்று இல்லாத விடியற்காலையில் சிவப்பு டேங்க். நாசிலுக்குத் தொப்பி மாட்டி, முழங்காலுக்குக் கீழேயே பிடித்து. கிணற்றுமேட்டுத் தரிசு வண்டுக்கு. அதில் பொட்டு மருந்து விழாது. தரிசின் ஓரத்தில் ஆவாரை விதையும் தகரை விதையும் வீசியிருக்கிறேன். தகரை நன்றாகப் பிடித்துக்கொண்டு பார்த்தீனியத்துக்கு வெயில் விடாமல் நிற்கிறது, ஆவாரை ஒன்றும் தேறவில்லை. தரிசைப் பார்க்கிறவர்கள் "சோம்பேறி, காட்டை இப்படிப் போட்டிருக்கான்" என்று சொல்வது காதில் விழாமல் இல்லை.

நேற்று மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார், வெள்ளியம்பட்டிப் பக்கத்துக்காரர். கையில் தண்ணீர் பாட்டில், மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது பதினைந்து இருபது ஊர்ந்துகொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு மருந்து குடுங்ணா. மொட்டையடிச்சுட்டு வருது. நாளைக்கு என் கத்திரிக்கு வந்துருச்சுன்னா?"

"எந்தச் செடியிலங்க பிடிச்சீங்க?"

"விஷச்செடியிலதான்."

டீ சொன்னேன். உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன், கத்திரிக்கு வராது என்று சொன்னேன், மெக்சிகோ வரைக்கும் போகவில்லை. அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்து, "அப்ப இதுங்களை என்ன பண்றது?" என்றார். எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பாட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னப்பா குடுத்தனுப்புன?"

"டீங்க."

பாட்டிலை மதியச் சோற்றுப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இருட்டுவதற்குள் தரிசில் விட்டாயிற்று. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு.